ஒரு பல்லில் ஓர் ஆண்டு

பிராக் நகரின் பழைய நகர மண்டபத்துத் தெற்குச் சுவருக்குப் பின்னால் ஒரே அச்சில் மூன்று பெரிய பல்சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ஒன்றுக்கு 365 பல். அடுத்ததற்கு 366. மூன்றாவதற்கு 379. மூன்றையும் ஓட்டுபவை 24 பல் கொண்ட சிறு சக்கரங்கள். அவை அத்தனையும் ஒரே தண்டில் மாட்டியவை. செக் மக்கள் 'ஓர்லோய்' என்று அழைக்கும் வானியல் கடிகாரத்தின் உயிர் இந்த மூன்று எண்களில்தான் இருக்கிறது. கதான் ஊரைச் சேர்ந்த மிகுலாஷ் என்ற கடிகாரக் கைவினைஞரும், சார்லஸ் பல்கலைக்கழக வானியல் அறிஞர் யான் ஷிண்டெலும் சேர்ந்து 1410-இல் உருவாக்கியது இது. உலகில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வானியல் கடிகாரங்களில் இதுவே மிகப் பழையது.

366 பல் சக்கரம் சூரியனுக்கு உரியது. அது 24 மணி நேரத்தில் ஒரு சுற்று முடிக்கிறது. 365 பல் சக்கரம் ராசி மண்டலத்துக்கு உரியது. ஒரு பல் குறைவு என்பதால் அது கொஞ்சம் முந்திக்கொண்டு சுற்றுகிறது. கணக்குப் போட்டால் ஒரு சுற்றுக்கு 23 மணி 56 நிமிடம் 3.9 விநாடி வரும். வானத்தில் ஒரு நட்சத்திரம் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வர எடுக்கும் நேரம் 23 மணி 56 நிமிடம் 4.1 விநாடி. தொலைநோக்கி வருவதற்கு இருநூறு ஆண்டுகள் முன்னால், ஒரே ஒரு பல்லைக் குறைத்து இந்த நெருக்கத்துக்கு வந்திருக்கிறார்கள்.

அந்த நான்கு நிமிடம் எங்கிருந்து வருகிறது? பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றி முடிக்கும்போது, சூரியனைச் சுற்றும் பாதையிலும் ஏறக்குறைய ஒரு பாகை முன்னே போய்விடுகிறது. அதனால் சூரியனை மறுபடி நேருக்கு நேர் பார்க்க இன்னும் கொஞ்சம் திரும்ப வேண்டியிருக்கிறது. அந்தக் கொஞ்சம்தான் நான்கு நிமிடம். நட்சத்திரங்களுக்கு இந்தத் தாமதம் இல்லை. ஆகவே அவை நாளுக்கு நான்கு நிமிடம், மாதத்துக்கு இரண்டு மணி நேரம் முன்கூட்டியே உதிக்கின்றன. ஓராண்டு முடியும்போது நட்சத்திர வானம் சூரியனைவிட முழுதாக ஒரு சுற்று அதிகமாகச் சுற்றியிருக்கும். சூரிய சக்கரம் 365 சுற்று, ராசிச் சக்கரம் 366 சுற்று. ஓர் ஆண்டு முழுவதும் ஒரு பல்லின் வித்தியாசத்துக்குள் இருக்கிறது.

379 பல் சக்கரம் சந்திரனுக்கு. அது 24 மணி 51 நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. நிலா ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய இரண்டு நாழிகை தாமதமாக எழும் என்பது நம் பாட்டிமாருக்குத் தெரிந்த கணக்கு. இங்கே அதையே இரும்பில் வெட்டியிருக்கிறார்கள். உண்மையான சராசரி 24 மணி 50 நிமிடம் 28 விநாடி. நாளுக்கு சுமார் 40 விநாடி பிசகு இருப்பதால் சந்திரனை அவ்வப்போது கையால் சரிசெய்ய வேண்டியிருக்கும்.

என் கணவர் கோவையில் பல ஆண்டுகள் கியர் வெட்டும் பட்டறை நடத்தியவர். பிராக் போக வேண்டும் என்று நாங்கள் முடிவு செய்ததற்கு அரண்மனைகளும் பாலங்களும் காரணமில்லை. இந்தப் பல் எண்ணிக்கையை எங்கோ படித்துவிட்டு அவர் தூங்காமல் கிடந்ததுதான் காரணம். "365-ஐ விடு, அஞ்சு எழுபத்திமூணு. 366-ஐயும் பிரிக்கலாம். 379-ஐ என்ன பண்ணுவே? அது பகா எண். டிவைடிங் ஹெட்டுல போட்டாலும் நேரா வராது, டிஃபரன்ஷியல் செட் பண்ணணும். இவன் காம்பசும் அரமும் வெச்சுக்கிட்டு வெட்டியிருக்கான்" என்று ஊரிலிருந்து புறப்படும்போதே சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வட்டத்தைப் பாதியாக, அந்தப் பாதியை மறுபடி பாதியாகப் பிரிப்பது எளிது. எதிலும் வகுபடாத 379 சம பாகமாகப் பிரிக்க, ஒவ்வொரு குறியையும் தனித்தனியாக அளந்து, கடைசிப் பல் முதல் பல்லோடு சரியாகச் சேரும்வரை திரும்பத் திரும்பத் திருத்த வேண்டும். கடைசியில் அரைப் பல் மிஞ்சினால் வேலை மொத்தமும் வீண். அந்த வேலையைச் செய்து பார்த்த கைக்குத்தான் அதன் அருமை முழுதாகத் தெரியும் என்று அவரோடு நின்றபோது உணர்ந்தேன்.

நாங்கள் போனது நவம்பர் முதல் வாரம். காலை 9 மணியிலிருந்து இரவு 11 மணிவரை மணிக்கு ஒருமுறை கடிகாரத்தின் மேல் இரண்டு சன்னல்கள் திறக்கும். பன்னிரண்டு அப்போஸ்தலர் பொம்மைகள் வரிசையாக முகம் காட்டிப் போகும். எலும்புக்கூடு உருவம் மணியை இழுக்கும். கடைசியில் பொற்சேவல் கூவும். ஒரு நிமிடம்கூட இல்லை. நூற்றுக்கணக்கானோர் செல்பேசியை உயர்த்திப் படம்பிடித்துவிட்டுக் கலைந்து போகிறார்கள். பொம்மைகள் அழகுதான், ஆனால் அவை பிற்காலத்தில் சேர்த்தவை. 1945 மே 8 அன்று ஜெர்மானியப் படை சுட்டதில் நகர மண்டபம் தீப்பிடித்தது. மர அப்போஸ்தலர்கள் எரிந்துபோனார்கள். இப்போது நாம் பார்ப்பவர்கள் அதன்பின் செதுக்கப்பட்டவர்கள். 1948-இல்தான் கடிகாரம் மறுபடி ஓடத் தொடங்கியது. பார்க்க வேண்டிய அதிசயம் பொம்மைகளுக்குக் கீழே, எப்போதும் திறந்தே இருக்கும் அந்த வானியல் முகப்பு. அதை வாசிக்கச் சொல்லித்தர அங்கே யாரும் நிற்பதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

முகப்பின் நடுவில் நீல வட்டம்: பூமி. அதற்கு மேலே விரியும் நீலம், பிராக் நகரத்தில் நிற்பவருக்குத் தெரியும் பகல் வானம். இடப்பக்கம் கிழக்கு, வலப்பக்கம் மேற்கு. நீலத்தை ஒட்டிய செம்மண் நிறப் பட்டை விடியலும் அந்தியும். அடியில் கருப்பு, இரவு. தங்கக் கை ஒன்றில் சூரியன், இன்னொரு கையில் நிலா. இவற்றுக்கு மேல், மையத்தைவிட்டு விலகி நிற்கும் தங்க வளையம்தான் ராசிச் சக்கரம்.

வளையம் ஏன் மையத்தில் இல்லை? இங்கேதான் ஷிண்டெலின் கணிதம் இருக்கிறது. வானக் கோளத்தின் வடதுருவத்தில் ஒரு விளக்கை வைத்து, கோளத்தின் மேல் வரைந்த கோடுகளின் நிழல் ஒரு தட்டையான பலகையில் விழுவதாக எண்ணிக்கொள்ளுங்கள். இந்த முறையில், விளக்கின் வழியே போகாத எந்த வட்டத்தின் நிழலும் வட்டமாகவே விழும், நசுங்காது, நெளியாது. அஸ்ட்ரோலேப் என்ற பழைய வானியல் கருவியின் அடிப்படை இதுவே, கிரேக்கர்கள் அறிந்தது. சூரியனின் ஆண்டுப் பாதை வான நடுக்கோட்டுக்கு ஏறக்குறைய இருபத்திமூன்றரை பாகை சாய்ந்திருப்பதால், அதன் நிழல் வட்டமாகவே இருந்தும் மையத்திலிருந்து விலகி விழுகிறது. வட்டம் வட்டமாகவே இருப்பதால்தான் அதை ஒரு வளையமாகச் செய்து, பல்சக்கரத்தில் மாட்டிச் சுற்றிவிட முடிகிறது.

சூரியன் தங்கக் கையும் ராசி வளையமும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது. கையின் மேல் நகரக்கூடியது. இரண்டும் வெவ்வேறு வேகத்தில் சுற்றுவதால், சூரியன் நாளுக்கு ஏறக்குறைய ஒரு பாகை வளையத்தில் பின்வாங்கி, மாதத்துக்கு ஒரு ராசி கடக்கிறது. வளையம் மையம் விலகி இருப்பதால் அது கையின் மேல் மெல்ல வெளியேயும் உள்ளேயும் போகிறது. ஜூனில் வெளி வட்டமான கடக ரேகையைத் தொடும்; டிசம்பரில் உள் வட்டமான மகர ரேகைக்கு ஒடுங்கும். கோடையில் சூரியன் உயர எழுவதையும், நெடுநேரம் நீலத்தில் நிற்பதையும், எந்நேரம் சிவப்புப் பட்டையில் இறங்கும் என்பதையும் இந்த ஒரே அசைவு காட்டிவிடுகிறது. தனித்தனிக் கருவி எதுவும் இல்லை.

"ஏனுங்க, சூரியன் எந்த ராசியில இருக்குன்னு பாருங்க" என்றேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "விருச்சிகம். ஆனா ஐப்பசி இன்னும் முடியலியே? சூரியன் துலாத்துலதானே இருக்கணும்?"

அவர் கேட்டது சரியான கேள்வி. நம் பஞ்சாங்கம் ராசிகளை நட்சத்திரங்களோடு கட்டி வைத்திருக்கிறது. பிராக் கடிகாரம் பகலும் இரவும் சமமாகும் மார்ச் நாளில் மேஷம் பிறப்பதாக வைத்திருக்கிறது. பூமியின் அச்சு மெல்லத் தலைசுற்றுவதால் இந்தச் சமநாள் புள்ளி சுமார் 72 ஆண்டுக்கு ஒரு பாகை நட்சத்திரங்களிடையே பின்வாங்குகிறது. இன்று இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய 24 பாகை விலகல். பஞ்சாங்கக்காரர்கள் இதை அயனாம்சம் என்று கழித்துக்கொள்கிறார்கள். பிராக் கடிகாரத்துக்கு மார்ச் 20-ஐ ஒட்டிப் பிறக்கும் மேஷம் நமக்கு ஏப்ரல் 14-இல், சித்திரை முதல் நாளில் பிறப்பது இதனால்தான்.

இந்த முகப்பு ஒரே ஒரு நேரத்தைக் காட்டுவதில்லை. ரோமன் எண்களில் நம் கைக்கடிகார நேரம். ராசி வளையத்தோடு சுற்றும் ஒரு சிறு நட்சத்திரம் அதே எண்களின் மேல் நட்சத்திர நேரத்தைக் காட்டுகிறது. வெளி விளிம்பில் பழைய ஜெர்மானிய எழுத்தில் 24 எண்கள் கொண்ட வளையம் பழைய செக் நேரம். அந்தக் கணக்கில் சூரியன் மறையும் கணம் 24. எண் 19 என்றால் இருட்ட இன்னும் ஐந்து மணி நேரம் இருக்கிறது என்று பொருள். வயலில் இருப்பவருக்கும் வழிநடப்பவருக்கும் இதைவிடப் பயனுள்ள கடிகாரம் வேறில்லை என்பது என் எண்ணம். மறைவு நேரம் நாளுக்கு நாள் மாறுவதால் இந்த வளையமே ஆண்டு முழுவதும் முன்னும் பின்னுமாக நகர்கிறது.

நீலப் பரப்பில் வளைந்து ஓடும் தங்கக் கோடுகள் இன்னொரு நேரம். உதயம் முதல் மறைவு வரை உள்ள பகலை, அது நீளமானாலும் குட்டையானாலும், பன்னிரண்டாகப் பங்கிடும் முறை. நம் நாட்காட்டியில் பார்க்கும் ஓரையின் அடிப்படையும் இதேதான். சூரிய ஓரை, சுக்கிர ஓரை என்று நாம் எண்ணுவதும், ஐரோப்பியர் கோள்களுக்கு மணி ஒதுக்கியதும் ஒரே பழைய வானியலின் கிளைகள். சென்னையில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒன்றரை மணி நேரமே வித்தியாசம். அதனால் ஓரையை 60 நிமிடம் என்று வைத்தாலும் பெரிய பிழை வராது. பிராக் 50 பாகை வடக்கில் இருக்கிறது. ஜூன் பகல் 16 மணி நேரத்துக்கு மேல். டிசம்பர் பகல் 8 மணி நேரம். கோடை 'மணி' 82 நிமிடம், குளிர்கால 'மணி' 40 நிமிடம். நாங்கள் நின்ற நாளில் அது 48 நிமிடம்.

நிலாக் கையின் நுனியில் இருக்கும் உருண்டையை நெருங்கிப் பார்க்க நாங்கள் தொலைநோக்கி கொண்டுபோயிருந்தோம். பாதி வெள்ளி, பாதி கருப்பு. வளர்பிறைக்கும் தேய்பிறைக்கும் ஏற்ப அது தானாகத் திரும்புகிறது. உருண்டைக்குள் ஒரு சிறு எடைக்கட்டி இருக்கிறது. கை சுற்றும்போது உருண்டை தலைகீழாகப் போய் வரும். கட்டியோ புவியீர்ப்பால் கீழேயே தொங்கும். அந்த ஒரு முரண்பாடு போதும்: 57 பல் கொண்ட உட்சக்கரம் சுற்றுக்கு இரண்டு பல் நகர்கிறது. இருபத்தெட்டரைச் சுற்றில் ஒரு முழு பிறை வட்டம். நாள் கணக்கில் 29.51. உண்மையான சந்திர மாதம் 29.53. பதினேழாம் நூற்றாண்டில் இதைப் பொருத்திய ஆளின் பெயர் எங்கும் பதிவாகவில்லை. என் கணவர் தொலைநோக்கியை என்னிடம் திருப்பித் தர நெடுநேரம் ஆனது.

இவ்வளவு நுட்பமான கருவியும் ஒன்றைச் சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள நகர மண்டபத்தின் முன்னுள்ள சதுக்கத்தில் சில அடி நடந்தால் போதும். யான் ஹுஸ் நினைவுச் சின்னத்துக்கு அருகே கல்தரையில் ஒரு பித்தளைப் பட்டை பதித்திருக்கிறார்கள். பிராக் நகரின் உச்சிவேளைக் கோடு. 1650-இல் எழுப்பிய மரியன்னைத் தூணின் நிழல் இந்தக் கோட்டில் விழும்போது ஊருக்கு நண்பகல். 1918-இல் அந்தத் தூணைக் கூட்டம் இடித்துத் தள்ளியது. 2020-இல் மறுபடி எழுப்பினார்கள்.

நாங்கள் மேகம் விலகுவதற்காகக் காத்து நின்றோம். நிழல் பட்டையின் மேல் வந்தபோது கைக்கடிகாரத்தில் 11.46. பிராக், மத்திய ஐரோப்பிய நேரத்துக்கு அடிப்படையான 15 பாகைத் தீர்க்கரேகைக்குச் சற்று மேற்கே இருப்பதால் நண்பகல் சராசரியாக 12 மணி 2 நிமிடத்துக்கு வர வேண்டும். அப்படியானால் சூரியன் 16 நிமிடம் முந்திவிட்டது. கடிகாரத்தின் தங்கச் சூரியன் பல்சக்கரத்தில் ஓடுவதால் ஆண்டு முழுவதும் ஒரே சீராக ஓடும். நிஜச் சூரியன் அப்படி ஓடுவதில்லை.

இதற்கான விடை அங்கிருந்து பொடிநடையில் பத்து நிமிடத் தொலைவுக்குள்ளேயே கிடைத்தது என்பதுதான் பிராக் நகரத்தின் மீது எனக்குத் தீராத பிரியம் வரக் காரணம். சதுக்கத்தின் கிழக்கே டீன் தேவாலயம். உள்ளே ஒரு தூணருகே செந்நிறச் சலவைக்கல்லில் கவசம் அணிந்த ஒருவரின் புடைப்புருவம் நிற்கிறது. டைகோ பிராஹேயின் கல்லறை. டென்மார்க்கில் பிறந்தவர், 1599-இல் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் அழைப்பில் பிராக் வந்து, 1601 அக்டோபர் 24 அன்று இறந்தார். இளமையில் ஒரு வாள் சண்டையில் மூக்கை இழந்து உலோக மூக்கோடு வாழ்ந்தவர். 2010-இல் கல்லறையைத் திறந்து எலும்பை ஆராய்ந்தபோது அது பித்தளை என்று தெரிந்தது. தொலைநோக்கி இல்லாத காலத்தில், வெறும் கண்ணாலும் பிரமாண்டமான அளவுக் கருவிகளாலும் கோள்களின் இடத்தை அவரளவு துல்லியமாகக் குறித்தவர் எவரும் இல்லை.

அவருடைய ஏடுகள் உதவியாளராக வந்து சேர்ந்த யோஹான்னஸ் கெப்ளரிடம் போயின. கெப்ளர் செவ்வாயின் பாதையை வட்டமாக வைத்துக் கணக்குப் போட்டார். விடை டைகோ அளந்ததிலிருந்து 8 கலை விலகியது. முழுநிலவின் அகலத்தில் கால் பங்கு. வேறு யாராக இருந்தாலும் அளவீட்டுப் பிழை என்று தள்ளியிருப்பார்கள். டைகோ அந்த அளவுக்குப் பிழை செய்யமாட்டார் என்று கெப்ளர் நம்பினார். ஈராயிரம் ஆண்டுகளாக வானத்தை ஆண்ட வட்டத்தை விட்டுவிட்டு நீள்வட்டத்துக்கு வந்தார். 1609-இல் வெளிவந்த அவரது 'அஸ்ட்ரோனோமியா நோவா' நூலில் இருப்பது அதுதான்: கோள் நீள்வட்டத்தில் ஓடுகிறது, சூரியனை நெருங்கும்போது வேகமெடுக்கிறது. பூமி ஜனவரி தொடக்கத்தில் சூரியனுக்கு மிக அருகில் இருக்கிறது. அப்போது அது பாதையில் வேகமாக ஓடுவதோடு அச்சின் சாய்வும் சேர்ந்துகொள்வதால், டிசம்பர் கடைசியில் ஓர் உச்சிவேளைக்கும் அடுத்த உச்சிவேளைக்கும் இடையே 24 மணி நேரத்தைவிட அரை நிமிடம் கூடுகிறது. இப்படி விநாடிகள் திரண்டு நவம்பரில் 16 நிமிடம் முந்தல், பிப்ரவரியில் 14 நிமிடம் பிந்தல்.

கார்லோவா தெரு 4-ஆம் எண் வீட்டில் கெப்ளர் குடியிருந்தார். அங்கிருந்து வல்தாவா ஆற்றின் சார்லஸ் பாலம் கூப்பிடு தூரம். அந்தப் பாலத்தைக் கடக்கும்போது அவர் மேலங்கியில் பனித்துகள் விழுந்ததாகவும், எல்லாத் துகளுக்கும் ஏன் ஆறு முனை என்று யோசித்ததாகவும் அவரே எழுதியிருக்கிறார். 1611-இல் அதை ஒரு சிறு நூலாக்கி நண்பருக்குப் புத்தாண்டுப் பரிசாகக் கொடுத்தார். நீர் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோணமாக அடுக்கிக்கொள்வதே காரணம் என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெளிவானது. ஆனால் உருண்டைகளைப் பிரமிடாக அடுக்குவதைவிட நெருக்கமாக அடுக்க முடியாது என்று அதே நூலில் அவர் சொல்லிவிட்டுப் போன ஊகத்தை நிரூபிக்க, 1998-இல் தாமஸ் ஹேல்ஸ் என்ற கணிதர் வரும்வரை உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே தெருவை ஒட்டியது கிளெமென்டினம். அதன் 68 மீட்டர் வானியல் கோபுரத்தில் ஏறும்போது நடுவழியில் ஓர் இருட்டறை வருகிறது. சுவரில் ஒரு சிறு துளை. தரையில் இழுத்துக் கட்டிய ஒரு நூல். துளை வழியே வரும் கதிர் நூலைத் தொடும் கணம் நண்பகல். 1842 முதல் அந்தக் கணத்தில் கோபுர உச்சியிலிருந்து கொடியசைத்து ஊருக்கு நேரம் அறிவித்தார்கள். இந்தக் கோபுரத்தில் 1775 முதல் ஒரு நாள்கூட விடாமல் வெப்பநிலை குறிக்கிறார்கள். பூமி சூடாவதைப் பேசும் அறிவியலர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கும் ஏடுகள் அவை.

கெப்ளர் பிராக்கில் வாழ்ந்த பன்னிரண்டு ஆண்டுகளும் பூமியை நடுவில் வைத்த அந்தக் கடிகாரம் நகர மண்டபச் சுவரில்தான் இருந்தது. அதைப் பழைய தவறு என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிராக் சதுக்கத்தில் நிற்பவருக்கு வானம் எப்படித் தெரிகிறதோ, அதைத்தான் அது காட்டுகிறது. அந்த வேலையை இன்றும் செய்கிறது. 2018-இல் பழுதுபார்த்தபோது, 1948-இல் வைத்த மின்பொறியை எடுத்துவிட்டு, 1860-களின் இயந்திரத்தையே திரும்பப் பொருத்தியிருக்கிறார்கள்.

பிராக் போகிற வாய்ப்பு அமைந்தால், அப்போஸ்தலர்களைப் பார்த்த பிறகு முகப்பின் முன் ஒரு கால் மணி நேரம் நில்லுங்கள். முதலில் சூரியனைத் தேடுங்கள், பிறகு அது நிற்கும் ராசியை. வெயிலடிக்கும் நாளாக இருந்தால் பித்தளைக் கோட்டுக்கும் போய்வாருங்கள். காசு எதுவும் கேட்கமாட்டார்கள். நவம்பர் தொடக்கமென்றால் 11.46-க்கு முன்பே அங்கே இருக்க வேண்டும். பிப்ரவரி நடுவில் 12.16 வரை காத்திருக்க வேண்டும். ஜூலையில் கோடை நேரத்துக்காக ஒரு மணி கூட்டி, மதியம் 1.09-க்குப் போங்கள்.